சாவகத்துக்கு ஏழு நாள்

சாவகம் என்னும் பெயர் தமிழ்நூல் பயின்றார்க்குப் புதியதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெய்தி அரசு புரிந்த நாடாக அது பேசப்படுகின்றது. இக்காலத்தார் அதனை ஜாவா என வழங்குவர். இந்தோனேசியா என்னும் தீவுக் கூட்டத்துள் கிழக்கு மேற்காக 600 மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் அத்தீவு, தலை முதல் வால் வரை எரிமலைகளை முதுகெலும்பாக உடையது. தெற்கேயுள்ள கடலடி நிலப்பாளம் அத்தீவின் கீழ்ச் சரிந்து அமிழ்தலின், அவ்வாழத்தே பாறை உருகி மேலெழுந்து மலைகளின் வாய்வழியே புறப்படுகின்றது என்பர் நிலநூலார். ஆங்குள்ள மலைகளுட் பெரியது 12,060 அடி உயரமுள்ள செமேரு. சாவகத் தீவு நிலைகொள்ளாது ஆடிற்று என்றும், அதனை அசையாது நிறுத்தற்பொருட்டு மகாமேருவைச் சம்புத்தீவினின்றும் பெயர்த்துக் கொணர்ந்தனர் தேவர் என்றும், தந்து பங்கெலரன் என்னும் பழைய சாவக உரைநூல் கூறும். அவ்வாறு பணித்தவர் பட்டாரகுரு. அந்நாட்டார் சிவபெருமானை வழங்கும் பெயர் அது. நிலநடுக்கத்தை நாடோறும் அறிந்த மக்கள் சொன்ன கதையாகலின், அதனை வெறுங்கதை என்று தள்ளுதற்கு மனம் எழவில்லை.

இந்நாட்டினை ஏழே நாளிற் கண்டு மீள்வதெனப் பெரியவர் ஒருவரும் அவர்தம் பேரனும் ஏற்பாடு செய்யத் தொடங்கினர். பெரியவர்க்கு அகவை அறுபத்தெட்டு. இளமை தொட்டுத் திருமுறையும் சாத்திரமும் ஓதியவர். இரு முழங்காலிலும் நோவுடையவர். மகள்வயிற்றுப் பேரன் சிங்கப்பூரில் தொழில் புரிபவன். தனக்குக் கிடைத்த விடுமுறையில் தாத்தாவை எங்கேனும் அழைத்துச் செல்லல் வேண்டும் என்பது அவன் நெடுநாள் விருப்பம். அவன் முதலில் எழுதிக் காட்டிய குறிப்பில் ஐந்து எரிமலைகள் இருந்தன. மேற்கே தங்குபன் பெராகு, நடுவே டியெங்கும் மெராபியும், கிழக்கே புரோமோவும் இஜெனும். இவற்றிடையே மூன்று இரவுகள் மோட்டார் வண்டியிற் கழிவனவாக இருந்தன.

பெரியவர் அதனை இருமுறை படித்தார். "தம்பி, இதில் உறங்குவது எப்போது?" என்றார்.

"வண்டியில் உறங்கிக்கொள்ளலாம், தாத்தா. புரோமோவில் சூரியோதயம் காண்பதற்கு இரவு இரண்டு மணிக்கு எழவேண்டும். இஜெனில் நீலத்தழல் தெரிவதும் இருளில்தான். அதற்கு நடுநிசியிலேயே மலையேறுவார்கள்."

"சிவாலயங்களுக்கு எவ்வளவு நேரம்?"

"பிரம்பானானுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்."

பெரியவர் மறுமொழி கூறாது பென்சிலை எடுத்து வருமாறு பணித்தார்.

நாடு காணச் செல்வோரிற் பெரும்பாலோர் இடங்களை எண்ணுகின்றனரேயன்றி இடைவழியை எண்ணுகின்றிலர். வரைபடத்தில் இரண்டு விரற்கிடையாகத் தோன்றுவது, மலைப்பாதையில் அரைநாளை விழுங்கும். யோக்யகார்த்தாவினின்றும் புரோமோ அடிவாரம் சேர்தற்கு ஒரு பகல் முழுதும் வேண்டும், மீளுதற்கும் அவ்வாறே. ஏழு நாளில் வந்திறங்குவதற்கும் மீண்டேறுவதற்குமாக இரண்டினைக் கழித்தால் எஞ்சுவன ஐந்தே. அவ்வைந்தினைத் தீவின் இரு பாகத்துக்கும் பகிர்ந்தால் இரண்டும் பழுதாம் என்பது பென்சிலாற் கூட்டிக் கழித்த சிறிது நேரத்துள் இருவர்க்கும் தெளிவாயிற்று.

காலமும் மாற்றப்பட்டது. பேரன் முதலிற் கருதியது டிசம்பர். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் ஊரைவிட்டுப் புறப்படப் பெரியவர் ஒருப்படார் என்பது ஒருபுறமிருக்க, நவம்பர் முதல் மார்ச்சு வரை அந்நாட்டில் மழைக்காலம். மழைக்காலத்தில் எரிமலைச் சாரலுக்கு வேறோர் அச்சமும் உண்டு. மலை கக்கிய சாம்பல் சரிவுகளிற் குவிந்து கிடக்க, பெருமழை அதனைக் கரைத்துக் கற்களோடு ஆற்றின் வழியே சேற்று வெள்ளமாக இறக்கும். அதற்கு 'லகார்' என்பது சாவகச் சொல். உலகத்து நிலநூலார் அனைவரும் இன்று அச்சொல்லையே ஆள்கின்றனர். ஆகவே மழையற்ற ஆனித் திங்கள் குறிக்கப்பட்டது.

இனிக் கிழக்கா, நடுவா என்னும் வினா எழுந்தது. இதன்கண் பெரியவர்க்கே மனம் இருபாற்பட்டது. கிழக்குச் சாவகத்தில் மலாங் நகர்ப் பக்கத்தே கிடைத்த தினாயக் கல்வெட்டு கி. பி. 760இற் பொறிக்கப்பட்டது. முன்னோர் மரத்தாற் செய்து வைத்த அகத்தியர் திருவுருவினை நீக்கி, கருங்கல்லாற் புதிதாகச் செய்வித்து நிறுவினான் கஜாயனன் என்னும் அரசன் என்று அது கூறுகின்றது. அதற்கு அணித்தேயுள்ள சிங்கசாரிக் கோயிலின் திருவுருவங்கள் பல ஒல்லாந்து நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன; அவற்றுட் சில 2023இல் திரும்ப அளிக்கப்பெற்றன. அகத்தியர் ஒருவரே அக்கோயிலைவிட்டு அகலாது ஆண்டே நின்றவர். மற்றும், கெலுட் எரிமலையின் சாரலில், 1197ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றினையுடைய பனதாரான் சிவாலயம் உண்டு. 1919இல் அம்மலை வெடித்து, அதன் வாயிலிருந்த ஏரி நீர் கொதிசேறாய்ப் பாய்ந்து 5,000 பேருக்கு மேல் மாண்டனர். அதன் பின்னரே மலையைக் குடைந்து ஏரிநீரை வடித்தனர். இவையெல்லாம் பெரியவர் பல ஆண்டாகப் படித்து வைத்திருந்தவை. பேரன் விரும்பிய புரோமோவும் இஜெனும் கிழக்கிலேயே உள்ளன. புரோமோ என்பது பிரமன் என்னும் பெயரின் திரிபு. அம்மலையைச் சூழ்ந்து வாழும் தெங்கர் மக்கள் இன்றும் இந்து சமயத்தினர். கசாடா விழாவிற் காய்கனிகளையும் கோழி முதலியவற்றையும் மலையின் வாயில் எறிந்து வழிபடுவர்.

எனினும் நடுச்சாவகமே தெரிந்துகொள்ளப்பட்டது. சாவகத்துச் சைவத்தின் தொன்மையான சான்றுகள் அங்கேயே உள்ளன. சஞ்சயன் என்னும் மன்னன் குன்றொன்றின்மேல் இலிங்கம் நிறுவியதனைக் கூறும் சங்கல் கல்வெட்டு கி. பி. 732இற் பொறிக்கப்பட்டது, மொழி வடமொழி, எழுத்துப் பல்லவர் எழுத்து. பிரம்பானான் அங்கே, டியெங் அங்கே, சம்பிசாரியும் அங்கேயே.

"அப்படியானால் சிங்கசாரி அகத்தியர்?" என்று கேட்டான் பேரன். தாத்தாவின் ஆசை அவன் அறிந்ததே.

"பிரம்பானானில் தென்பால் அவர் இருக்கிறார். சம்பிசாரியிலும் தென்பால் அவரே. அவர் நம்மைத் தேடிப் பாதிவழி வந்திருக்கும்போது நாம் முழுவழியும் போகவேண்டுவதில்லை. உனக்குத்தான் நீலத்தழல் போயிற்று."

"போகட்டும், தாத்தா," என்றான் அவன். அவன் குரலில் வருத்தம் இல்லாமலில்லை.

ஈண்டுக் கோட்டத் தெய்வங்களைப் பற்றிச் சிறிது கூறல் தகும். நம் நாட்டுச் சிவாலயங்களில் கருவறையின் தென்புறக் கோட்டத்தே தட்சிணாமூர்த்தி எழுந்தருளியிருப்பர், வடபுறத்தே துர்க்கை. சாவகத்துச் சிவாலயங்களிலும் வடபுறத்தே எருமைத்தலை அவுணனை அடர்த்த துர்க்கையே நிற்கின்றாள். தென்புறத்திலோ, தாடியும் பருத்த வயிறும் கமண்டலமும் உடையராய் அகத்தியர் நிற்கின்றார். பின்புறத்தே விநாயகர். ஞானாசிரியர்க்குரிய தென்றிசையை முனிவர்க்கு அளித்த அந்நாட்டார் கருத்து யாதாயினும், அவரைச் சிவகுரு என்றே வழங்கினர் என்பது நினைவுகூரத்தக்கது.

பிரம்பானான் யோக்யகார்த்தாவுக்குக் கிழக்கே ஏறக்குறையப் பத்து மைலில் உள்ளது. 856ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனைச் சிவகிருகம் எனக் கூறி, கோயிலுக்காக ஆற்றின் போக்கினைத் திருப்பிய செய்தியையும் உரைக்கின்றது. நடுவே சிவாலயம், தெற்கே பிரமனுக்கும் வடக்கே திருமாலுக்கும் கோயில். எதிரே ஊர்திகளுக்குத் தனித்தனிக் கோயில்கள். சூழச் சிறு கோயில்கள் 224. சிவாலயத்தின் உயரம் ஏறக்குறைய 154 அடி. இதனைப் பன்னூறாண்டு மூடிக்கிடந்த இடிபாட்டினின்றும் எடுத்துக் கட்டும் பணி 1918இல் தொடங்கி 1953இல் முற்றுப்பெற்றது. பழைய கற்களில் நான்கில் மூன்று பங்கேனும் கிடைத்தாலன்றி ஒரு கோயிலைத் திரும்பக் கட்டுதல் கூடாது என்பது அப்பணியாளர் கொண்ட விதி. ஆகலின் சிறு கோயில்களிற் பல இன்னும் கற்குவியல்களாகவே கிடக்கின்றன. குறையைப் புதுக்கல்லால் நிரப்பி மெழுகிப் பழமையை அழிக்கும் திருப்பணிகளைக் கண்டு வருந்தினார்க்கு அக்குவியல்கள் ஒருவகை ஆறுதல் தரும். 2006ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் அப்பக்கத்தே 5,700 பேருக்கு மேல் மாண்டனர், கோயிலும் சேதமுற்றது. 2022இல் அந்நாட்டு அரசு அதனை இந்துக்கள் வழிபாட்டுக்கும் உரியதாக்க உடன்பட்டது. இவ்விடத்திற்கு இரண்டு மணி நேரம் என்றிருந்ததனைப் பெரியவர் அடித்துவிட்டு ஒரு முழுநாள் என எழுதினார். படிகள் செங்குத்தானவை, முழங்கால் நோவுடையார் ஏறி இறங்குதற்கே நேரம் வேண்டும். தென்பால் அறையில் நெடிது நிற்றற்கும் நேரம் வேண்டும்.

சம்பிசாரி வேறு வகையது. யோக்யகார்த்தாவை அடுத்த வயலொன்றில் 1966இல் உழவர் ஒருவர் நிலத்தைக் கொத்திக்கொண்டிருக்கையில் மண்வெட்டி செதுக்கிய கல்லின்மேற் பட்டது. தோண்டத் தோண்டக் கோயில் ஒன்று வெளிப்பட்டது. மெராபி மலையின் சாம்பலும் சேறும் காலந்தோறும் வந்து படிந்து, ஏறக்குறைய 21 அடி ஆழத்தில் அதனைப் புதைத்திருந்தன. திருத்தி அமைக்கும் பணி 1987இல் முடிந்தது. இன்று செல்வோர் வயல் மட்டத்தினின்றும் படிகளால் கீழிறங்கிச் சென்று, மேற்கு நோக்கிய கருவறையில் ஆவுடையாரோடு கூடிய இலிங்கத் திருமேனியைக் காணலாம். 2009இல் இதே போன்ற மற்றொன்று நிகழ்ந்தது. மெராபியின் தென்சாரலிலுள்ள இசுலாமியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நூல்நிலையம் கட்டக் கடைகால் தோண்டினர். மண்ணுள்ளிருந்து விநாயகரும் நந்தியும் இலிங்கமும் வெளிப்பட்டன. பல்கலைக்கழகத்தார் கோயிலைப் பெயர்த்தெறியாது, நூல்நிலையத்தின் அமைப்பையே மாற்றி அதனை நடுவே காத்து வைத்தனர். கண்டெடுத்த உழவர்களும் காத்து நிற்கும் அறிஞர்களும் வேறு சமயத்தினர் என்பதனை நம்மவர் நன்கு எண்ணுதல் வேண்டும்.

இது கேட்ட பேரன், "தாத்தா, சிவபெருமானுடைய ஐந்தொழிலில் மறைத்தல் என்கிறீர்களே, அதுதானே இது? மலை அழித்தது, மண் மறைத்தது, மண்வெட்டி அருளியது!" என்றான்.

பெரியவர்க்கு நகை பிறந்தது. எனினும் அதனை ஏற்றாரல்லர். "கேட்க அழகாயிருக்கிறது, தம்பி. ஆனால் மறைத்தல் உயிரின்மேல் நிகழ்வது. மலம் பரிபாகம் எய்தும் வரையில் உயிரை உலகநுகர்ச்சியில் அழுத்தி நிறுத்துவது. கல்லின்மேல் மண் விழுந்ததனை அதனோடு ஒன்றாக்கிப் பேசினால் சாத்திரத்துக்கும் தீங்கு; மண்ணுக்கடியில் ஊரோடு இறந்தவர்களுக்கும் தீங்கு," என்றார். சாத்திரச் சொற்களை எதிர்ப்பட்ட பொருள்மேலெல்லாம் ஏற்றும் வழக்கம் மேடைகளில் மிகுந்துவரும் இந்நாளில், அவர் கூறியது வேண்டுவதேயாம்.

மூன்றாவதாகக் குறித்தது டியெங். 'ஹியாங்' என்பது தெய்வம். தெய்வங்களின் உறைவிடம் என்பது அப்பெயர்ப்பொருள். ஏறக்குறைய 6,500 அடி உயரத்தில் பழைய எரிமலை வாயினுள் அமைந்த மேட்டுநிலம் அது. சாவகத்திலே மிகப் பழைய சிவாலயங்கள் அங்குள்ளன. பிற்காலத்தார் அவற்றுக்கு அருச்சுனன், வீமன், கடோற்கசன் எனப் பாரதத்தார் பெயர்களை இட்டு வழங்கினர். கோயில்களுக்கு அணித்தே சிக்கிடாங் என்னுமிடத்தில் நிலம் வெந்து சேறு கொதித்துக்கொண்டிருக்கும். கந்தக நாற்றம் வீசும். மலையேறாமலே எரிமலையின் வாயை அருகிற் காணக்கூடிய இடமாகலின், பேரன் இழந்த இரண்டு மலைகளுக்கு ஈடாக இது கொள்ளப்பட்டது. ஆனால் எளிய இடமென்று எண்ணற்க. 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அம்மேட்டுநிலத்தே நிலம் வெடித்துக் கரியமிலவாயு வெளிப்பட, தப்பியோடிய மக்களுள் ஏறக்குறைய 150 பேர் வழியிலேயே மாண்டனர். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றினும் கனமுடைத்தாகலின் பள்ளங்களிற் படிந்து நிற்கும். வேலியிட்ட இடத்தைக் கடந்து பள்ளத்தில் இறங்குவதில்லை எனப் பேரனிடம் உறுதி பெறப்பட்டது. ஆனி ஆடியில் அங்கே விடியலில் உறைபனி விழுதலும் உண்டு. பயிரைக் கருக்குதலால் நச்சுப்பனி என்பர் அவ்வூரார். பெரியவர்க்குக் கம்பளிச் சட்டை வாங்கப்பட்டது.

மெராபியைப் பற்றிய பேச்சே நீண்டது. யோக்யகார்த்தாவுக்கு வடக்கே 9,500 அடி உயரத்தில் நிற்கும் அம்மலையின் பெயரிலேயே நெருப்பைக் குறிக்கும் 'ஆபி' என்னுஞ் சொல் உண்டு. அதன் உச்சியில் உருகிய பாறை களிபோலத் தடித்துத் திரண்டு வளரும். வளர்ந்தது சரியுங்கால், கொதிக்கும் ஆவியும் சாம்பலும் கல்லும் ஒன்றாகி, மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட விரைவில் சரிவில் உருண்டு வரும். சடைபட்ட ஆட்டின் மயிர்போலச் சுருண்டு வருதலின், 'வெடுஸ் கெம்பெல்' என ஆட்டின் பெயரால் அதனை வழங்குவர். 2010ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாளும் நவம்பர் 5ஆம் நாளும் அவ்வாறு இறங்கிய அனலில் 350 பேருக்கு மேல் மாண்டனர். அம்மலைக்குக் காவலராகச் சுல்தானால் அமர்த்தப்பட்டு, ஆண்டுதோறும் மலைக்குப் படையலிட்டு வந்தவர் மரிஜான் என்னும் முதியவர். அகவை எண்பதைக் கடந்தவர். ஊரை விட்டு இறங்குமாறு அரசினர் பணித்தபோது, தாம் ஏற்ற காவலை விட்டு வாரேன் என மறுத்துவிட்டார். அக்டோபர் 26ஆம் நாளே அவர் தம் ஊரில் அனல் சூழ இறந்தார். பணிந்து தொழும் நிலையில் அவருடல் கிடந்தது என அந்நாளைச் செய்திகள் கூறின. அவரை அழைத்துவரச் சென்றாருட் சிலரும் உடன் மாண்டனர்.

மெராபியின் உச்சிக்கு இரவில் ஏறுதல் முன்பு இளைஞர்க்கு வழக்கமாயிருந்தது. அதனைப் பேரன் இறுதிவரை கைவிட்டிலன். "தாத்தா, நீங்கள் விடுதியில் உறங்குங்கள். நான் மட்டும் போய்விட்டு விடியலில் வந்துவிடுகிறேன். மரிஜானே அஞ்சவில்லையே!" என்றான்.

பெரியவர் உடனே விடை கூறவில்லை. சிறிது பொறுத்து, "அவர் காவல் ஏற்றவர். அவருக்கு அங்கே கடமை இருந்தது. அக்கடமைக்காக உடன் மாண்டவர்களை நினைத்தால், அதிலும் என் மனம் முழுவதும் உடன்படவில்லை. உனக்கு அங்கே என்ன கடமை, அப்பா? உன் தாய்க்கு நான் என்ன சொல்வேன்?" என்றார்.

பின்பு பேரனே செய்திகளை எடுத்துப் பார்த்தான். அந்நாட்டில் எரிமலைகளின் நிலையை நோர்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என நான்கு படிகளாக வகுத்து அரசினர் அறிவிக்கின்றனர். மெராபி 2020 நவம்பரில் மூன்றாம் படிக்கு உயர்த்தப்பட்டது. உச்சிக்குச் செல்லுதல் அதற்கு முன்பே தடுக்கப்பட்டிருந்தது. சுமத்திராவிலுள்ள மராபி என்னும் மற்றொரு மலை 2023 டிசம்பர் 3ஆம் நாள் முன்னறிவிப்பின்றி வெடித்தபோது, அதன்மேல் ஏறியிருந்தாருள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் மாணாக்கர். அச்செய்தியைப் படித்துக் காட்டியவன் பேரனே. மலையேற்றம் ஏற்பாட்டினின்றும் நீங்கியது.

அதற்கு மாறாக, 2010இல் எரிந்துபட்ட ஊரில் ஒரு வீட்டையே காட்சிச்சாலை ஆக்கியிருப்பதனைக் காண்பதென முடிவாயிற்று. உருகிய பாத்திரங்களும், மாட்டின் எலும்புகளும், அனல் வந்த நள்ளிரவில் நின்றுபோன கடிகாரமும் அங்குள்ளன. பிறர் துயரைக் காசு கொடுத்துக் காண்பது தகுமோ என்னும் ஐயம் பெரியவர்க்கு இருந்தது. வீட்டையும் ஆனிரையையும் இழந்த அவ்வூராரே வண்டியோட்டியும் வழிகாட்டியும் பிழைக்கின்றனர் என அறிந்த பின்னர் ஒருவாறு இசைந்தார். அம்மலையின் சாம்பலே சில ஆண்டிற் செழுமண்ணாகி நெல்லும் காய்கறியும் விளைப்பது. அதுபற்றியே மக்கள் மீண்டும் மீண்டும் அச்சாரலுக்கே திரும்பிச் செல்கின்றனர்.

உணவைப்பற்றிச் சைவர்க்கு ஒரு சொல். சோறும், சோயா அவரையாலாகிய தெம்பேயும் தாகுவும், பழங்களும் யாண்டும் கிடைக்கும். ஆனால் சட்டினி போன்ற சம்பலில் தெராசி என்னும் இறாற்குழம்பைச் சேர்ப்பது அந்நாட்டு வழக்கம், கேளாமல் உண்ணலாகாது. கடவுச்சீட்டு ஆறு திங்களுக்குக் குறையாமற் செல்லுபடியாவதாக இருத்தல் வேண்டும்.

முடிந்த ஏற்பாடு இது. முதல்நாள் யோக்யகார்த்தாவில் இறங்கி இளைப்பாறுதல். மறுநாள் முழுதும் பிரம்பானான். மூன்றாம் நாள் காலை சம்பிசாரி, பின்பு டியெங் சென்று தங்குதல். நான்காம் நாள் அருச்சுனன் கோயில்களும் சிக்கிடாங்கும் கண்டு மீளுதல். ஐந்தாம் நாள் பல்கலைக்கழகத்துக் கோயிலும் மெராபிச் சாரலும். ஆறாம் நாள் போரோபுதூர். அப்பெரும் புத்தக் கோயிலின்மேல் ஏறுதற்கு அளவிட்ட தொகையினரையே விடுகின்றனராதலின் முன்னரே பதிவு செய்யப்பட்டது. ஏழாம் நாள் புறப்பாடு. ஐந்தாம் நாளுக்கு மட்டும் எதிரே பென்சிலால் ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளது. அன்று காலை எரிமலை அலுவலகத்தார் அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். மெராபி சீறியிருப்பின் வடக்கே செல்லாது சம்பிசாரிக்கே மறுமுறை செல்லுதல். அக்குறிப்பு பேரன் கையெழுத்தில் உள்ளது.